நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் புளியமரம்

சேசு மரி சூசை

வடக்கனந்தல்,
12-10-87

குருமடத்தில் ஒழுக்க இறையியல் போதிக்கும், என் தம்பி மகனாகிய சங்கைக்குரிய சவரிநாதன் சாமியார் அவர்களுக்கு, உங்களை முதன்முதலில் குளிப்பாட்டிய அத்தை பெரியநாயகம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் ஆடு கோழியும் சுகம். நான் அனுப்பிய புளியம்பிஞ்சுத் தொக்கு மூன்றே நாளில் காலியானதாகவும், உங்களுக்கெல்லாம் பெரியவரான ரெக்டர் சாமியார் பாட்டிலை விரலால் வழித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

இனி விஷயம். எனக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு! பத்து வயதில் புதுநன்மை வாங்கியவள், அதன் பிறகு ஒரு ஞாயிறு தவறாதவள். வருகிற இருபத்தொன்றாம் தேதி பேத்தி அருள்செல்விக்குக் கல்யாணம். பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்க எழுந்து போக, மன்னிப்புக் கிடைக்காத நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கோணான்குப்பத்து மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? கிழவி யாரையோ கொன்றுவிட்டாள் என்றுதானே?

நடந்ததைக் கேளுங்கள். இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் ஏழு நாள் பஸ் இல்லை, வண்டி இல்லை. ரோட்டோரப் புளியமரங்கள் எல்லாம் வெட்டுப்பட்டு ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. கல்யாணச் சமையலுக்குக் கல்ராயன் மலையிலிருந்து வரவேண்டிய விறகு அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. நம் வீட்டுக்கு நேரே நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் மரம் விழுந்திருந்தது. சுண்ணாம்பு அடித்துக் கறுப்பில் நம்பர் போட்ட அரசாங்க மரம். நீங்கள் ஒன்பது வயதில் அதிலிருந்து விழுந்து கால் ஒடித்துக்கொண்டதும், நான் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், அன்றைக்கு உங்கள் அம்மா எனக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காததும் எனக்கு மறக்கவில்லை. மறியல் முடிந்ததும் ஊரே அரிவாளோடு இறங்கியது. எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் தலையில் ஒரு கட்டோடு வந்து, "யக்கா, இன்னா பாத்துக்கினு நிக்கிற? நாளைக்கி வந்தா எலதான் மிஞ்சும்" என்றாள். ஒரு கவட்டைக் கிளையை வெட்டி இழுத்து வந்தேன். மாதா அறிய, அதற்கு மேல் ஒரு குச்சி விறகு நான் எடுக்கவில்லை. குஞ்சம்மாள் ஒரு பாரம் எடுத்தாள். அவளென்ன வேதக்காரியா, பாவசங்கீர்த்தனமா பாழா!

பழைய சாமியார் என்றால் பாதி தூக்கத்தில் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். இந்தப் புது சாமியார் சின்ன வயசு, பாவசங்கீர்த்தனத்தில் நான் கிளையைச் சொன்னதும் கண்ணை விரித்துக்கொண்டு கேட்கிறார்.

"மரம் யாருது?"

"கீழ கெடந்துது சாமி."

"கெடந்த எடத்தைக் கேக்கல. யாருது?"

"கெவுருமெண்டுது."

"அது விழுந்தப்போ உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டீங்களா?"

என் புருஷன்கூட இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "வெறகு இல்லாத கல்யாண வூட்டு வாசல்ல மரம் வுழுந்தா அழுவாங்களா சாமி?" என்றேன். தீமைக்கு உடந்தை என்றார். உடையவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால்தான் மன்னிப்பாம்.

கொடுக்கத்தான் போனேனே! வண்டிக்காரன் பாவாடையின் மாட்டுவண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய், ரோட்டு ஆபீசு வாசலில் இறக்கி, "எடுத்தேன், திருப்பித் தரேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்க" என்றேன். அங்கிருந்த கிளார்க்கு கொளஞ்சியப்பன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கதவைச் சாத்தினான்.

"ஆயா, அந்த மரத்து மேல கேசு இருக்குது. நான் வாங்கினா யாரு குடுத்தான்னு எழுதணும். உன் பேர எழுதினா உன் ஊரே ஸ்டேசன்ல நிக்கும். கல்யாணத்த வெச்சிக்கினு இன்னா வேல இது? எடுத்துக்கினு போ."

"எடுத்துக்கினு போனா பாவம்டா!"

"வெச்சிட்டுப் போனா கேசு!"

வெயிலில் திரும்பி நேராகச் சாமியார் பங்களாவுக்கே வந்தேன். தண்ணீர் கேட்கலாம் என்று பின்பக்கம் குசினிக்குள் எட்டிப் பார்த்தால், அடுப்பில் ஒரு கட்டை. மேலே சுண்ணாம்பு. சுண்ணாம்பின் மேல் கறுப்பில் ஒன்று, பக்கத்தில் இன்னொரு ஒன்று, அடுத்து பாதி எரிந்த இரண்டு. மூன்றாம் வகுப்புதான் படித்தேன், ஆனாலும் நம்பர் தெரியாதா? நான் போட்ட சத்தத்தில் சாமியாரே ஓடி வந்துவிட்டார். யாரோ வண்டியில் கொண்டுவந்து விற்றதாகக் குசினிக்காரன் சொன்னான். சாமியார் முகம் அடுப்புச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது.

"ஆயா, மூணு வாரமா இதுல வெந்த சோத்தைத்தான் தின்னிருக்கேன்."

"உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டீங்களா சாமி?" என்று கேட்டேன்.

அவர் கட்டையை அடுப்பிலிருந்து இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். "திருட்டுப் பொருள்னு தெரியாம அனுபவிச்சவனும், தெரிஞ்ச நிமிஷத்துலேர்ந்து பொறுப்பாளிதான். எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றார்.

"எந்தப் படுபாவி வாத்தியாரு அது?"

"சவரிநாதன் சாமியார். உங்க மருமகன்தானே? அவருக்கே எழுதிக் கேளுங்க. அவர் சொல்றதுதான் நம்ம ரெண்டு பேருக்கும் தீர்ப்பு."

குசினித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீயா? எட்டு வயதில் என் அடைக்கோழியின் கீழே கைவிட்டு மூன்று முட்டையை எடுத்து, வைக்கோல்போர் மறைவில் சுட்டுத் தின்றவன் நீ. உடையவளிடம் திருப்பிக் கொடுத்தாயா? நான்தான் கேட்டேனா? வாய் பொசுங்கியிருக்கிறதே என்று மோர் கொடுத்தேனடா! நீ என்று எழுதிவிட்டேன், சாமியார் மன்னிக்கவும்.

விறகு மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. அடுப்பில் வைக்கவும் பயம், ரோட்டில் போடவும் பயம். நான் நன்மை வாங்கலாமா, கூடாதா? சனிக்கிழமைக்குள் பதில் வரவேண்டும். கார்டில் எழுதாமல் கவரில் எழுதவும், இங்கே தபால்காரர் படிக்கிற ஆள். சாமியாராக நீங்கள் எனக்கு ஆசீர் அனுப்புங்கள். அத்தையாக நானும் உங்களுக்கு ஒன்று அனுப்புகிறேன். ரெக்டர் சாமியாருக்கு ஸ்தோத்திரம் சொல்லவும்.

இப்படிக்கு,
பெரியநாயகம்

பின்குறிப்பு: அதற்கு மேல் விறகு எடுக்கவில்லை என்றுதான் மாதா மேல் ஆணையிட்டேன். அந்தக் கவட்டையில் ஒரு முறம் பிஞ்சு இருந்தது. உங்களுக்கு அனுப்பிய தொக்கு அதில் அரைத்ததுதான். தெரிந்த நிமிஷத்திலிருந்து பொறுப்பாமே, இந்த வரியோடு உங்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆகையால் ரெக்டர் சாமியாரையும் சேர்த்து நாலு பேருக்கும் ஒரே தீர்ப்பாக எழுதவும். பாட்டிலை மட்டும் கட்டாயம் திருப்பி அனுப்பவும். அது என்னுடையது.