நாலு மாசம்

படித்தவர்களுக்கு உதவி செய்யப் போகாதீர்கள். அவர்களும் உருப்படமாட்டார்கள், நமக்கும் மரியாதை மிஞ்சாது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. (அதுவும் மழை பெய்யாத நாளில்தான்.) ஆனாலும் சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கத் தைலம், கஷாயம் என்று வைத்தியம் பார்த்தவள். என் பேத்தி ஷாமினிக்கோ, மாத்திரையை எடுத்துக் கொடுக்க நாலு வருஷப் பட்டப்படிப்பு. பிறகு பயிற்சி, பரீட்சை, பெயர்ப்பதிவு. போதாதென்று சான்றிதழை வேறு அவ்வப்போது புதுப்பிக்க வேண்டுமாம். கல்யாணத்துக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால், பாதிப் புருஷன்மார்கள் லைசன்ஸ் இல்லாமல் நிற்பார்கள்.

அப்போது தேக்கா பக்கம் ஒரு மருந்துக்கடையில் அவளுக்குப் பயிற்சி. நோயாளியிடம் பேசும் முறையை அங்கே மூத்த மருந்தாளரான ஜெசிந்தா மேடம் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பயிற்சி முடியும். அதற்காகத் தினமும் வீட்டில் ஒத்திகை. ஷாமினி மருந்தாளர்; நான் மூக்கடைத்த கர்ப்பிணி.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா."

"எது சாப்பிட்டா ஒத்துக்காது?"

"இறால்."

"எத்தனை மாசம்?"

"நாலு மாசம்."

எனக்கு மனப்பாடம். கையெழுத்துப் போடும் நாளில், கடைக்கு வரும் சனங்கள் அவளை ஏதாவது எடக்காகக் கேட்டுவிட்டால்? பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. (சொன்னால் விடுவாளா?)

என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பக்கத்திலேயே மேடம்.

"மூக்கடைப்பும்மா," என்றேன், முன்பின் தெரியாதவள் போல.

"எத்… எத்தனை நாளா?"

"மூணு நாளா."

பதற்றத்தில் பிள்ளை வரிசையை மாற்றிவிட்டாள். "காய்ச்சல் இருக்கா?"

"இறால்," என்றேன் கணீரென்று.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். ஷாமினி அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினாள். "உங்க வயசு என்ன?"

"நாலு மாசம்."

"என்ன?" என்றார் மேடம்.

சமாளிக்க வேண்டுமே! "வயசு இல்லம்மா. வயித்துல."

பின்னால் வரிசையில் நின்றவர் இருமுவதுபோல் சிரித்தார். மேடம் என் நரைத்த கொண்டையைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவர் மூக்கையும் பார்த்தார். (ஒரே அச்சு.)

"உங்க பேத்தியா?"

"சேச்சே! இந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்ல லா. நீ பயப்படாம கேளு கண்ணு."

ஷாமினி கண்ணில் தண்ணீர். மேடம் பேனாவை மூடிவிட்டார். "முதல்லேருந்து கேளு ஷாமினி. பாட்டி, இப்ப நிஜத்த மட்டும் சொல்லுங்க."

வயது எழுபத்தொன்று, பிரஷர் மாத்திரை தினமும் உண்டு, மூக்கடைப்பும் நிஜம்தான் என்று கக்கினேன். அலமாரியில் நான் பார்த்துவைத்த மாத்திரையைக் காட்டி, "அதக் குடு," என்றேன்.

"தர முடியாது பாட்டி. அது உங்க பிரஷர ஏத்திடும்."

"ஏன்டி, உன்ன இவ்வளவு படிக்க வெச்சது இல்லன்னு சொல்லவா?"

"ஆமா," என்றாள். குரல் நடுங்கவே இல்லை. உப்புத்தண்ணீர் மூக்குச்சொட்டு ஒன்றை எடுத்து நீட்டி, எப்படிப் போடுவது என்று நிதானமாகச் சொன்னாள்.

மேடம் பேனாவைத் திறந்தார்.

இன்று அவள் சான்றிதழ் வாங்கிய மருந்தாளர். நான் வீட்டில் லேசாகத் தும்மினால் போதும், மருமகன் ஆரம்பிப்பார்: "அத்தை, இப்ப எத்தனை மாசம்?"

"முதல்ல வளைகாப்பு போடுங்க மாப்ளே," என்பேன். "தங்கத்துல."