அத்தானின் மோட்டாரை நான் கழுவிய ஞாயிறு

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்தேழு வயது ஆயிற்று. அதற்கு முன்னால் இரண்டு பேரை நடுக்கடலில் நிறுத்திவைத்தேன்.

ஒரகடத்தில் ஒரு எஞ்சின் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் ‘எஞ்சின் டெஸ்டிங்’ என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய் இல்லை. வேறு யாரோ டெஸ்ட் செய்து முடித்த எஞ்சின் என் முன்னால் வந்து நிற்கும். துணியால் துடைத்து, ‘ஓகே’ என்ற பச்சை ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவேன். (கோணலாக ஒட்டினால் சூப்பர்வைசர் திட்டுவார். அவ்வளவு பொறுப்பான பதவி.)

இந்தப் பெருமையை நம்பிய ஒரே ஆள் ஆரோக்கியம் அத்தான். என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர், சென்னையை ஒட்டிய கோவளம் பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவர். படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை, கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உள்ளே இருக்கும் உப்பைக் கழுவ வேண்டும். அவர்கள் தெரு போர்வெல்லிலும் உப்புத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. மோட்டார் சூடாக ஆரம்பித்தது. அத்தான் அதை ஒரு மீன் வேனில் ஏற்றிக்கொண்டு வடக்குப்பட்டில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கே வந்துவிட்டார்.

“மச்சான், நீ எஞ்சின்லயே கெடக்குற ஆளு. ஒரு டிரம்முல தண்ணி ரொப்பி ஓடவிட்டுப் பாத்துருவோமா?”

‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மாடிப்படியில் பக்கத்து அறைப் பையன்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டிரம் எதுக்கு அத்தான்? எங்க பிளான்ட்ல எல்லாம் டிரை டெஸ்ட்தான்” என்றேன். (அப்படி ஒன்று உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

மோட்டாரைப் படிக்கட்டுக் கம்பியில் மாட்டி, வெளிப்பக்கம் முழுவதும் ஷாம்பு போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. பிறகு கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தேன்.

“இன்னாப்பா இது, வூடா மெக்கானிக் ஷெட்டா?” என்று கீழேயிருந்து கத்தினார் வீட்டுக்கார அம்மா.

அத்தான் குனிந்து மோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டையையே பார்த்தார். உள்ளே சுற்றிய தண்ணீர் அது வழியாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். “மச்சான், தண்ணி வரல. நிறுத்துடா.”

“சூடானாத்தான் அத்தான் உப்பு கரையும்.”

ரப்பர் கருகும் வாடை வந்தது. “பழைய கிரீஸ்” என்றேன். முடித்துவிட்டு, பாக்கெட்டில் இருந்த பச்சை ஸ்டிக்கரையும் எடுத்து ஒட்டினேன். பையன்கள் கைதட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து போனை எடுத்தால், அக்காவிடமிருந்து முப்பத்தொரு மிஸ்டு கால். காலை பத்து மணிக்குத் திரும்ப வேண்டிய அத்தான் மூன்று மணி ஆகியும் வரவில்லை.

வண்டலூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறிப் போனேன். கரையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தானோடு கடலுக்குப் போன வேலுவின் மனைவி. அவளுக்கு அது ஏழாவது மாதம்.

“ஏல, அந்த எஞ்சின என்னல பண்ணுன?” என்றாள் அக்கா.

சொன்னேன். டிரம் கேட்டதை, தண்ணீர் வராததை, வாடையை. அவள் திட்டவில்லை. எழுந்து பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். காற்றின் இரைச்சலில் எதுவும் காதில் விழாத வேலுவின் மனைவி, தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். “அழாத தம்பி. வந்துருவாங்க. நீ இன்னா பண்ணுவ பாவம்.”

அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் வேறொரு படகு அவர்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அத்தானின் உதடு வெடித்து, உப்புப் பூத்திருந்தது. வேலுவுக்குக் கால் தரையில் ஊன்றவில்லை; இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். அத்தான் என்னைப் பார்த்ததும் அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம்.

“ஸ்டிக்கர் மட்டும் ஸோக்கா ஒட்டிகினு கீது மச்சான்” என்றார்.

மறுநாள் மெக்கானிக் மோட்டாரைப் பிரித்தார். தண்ணீரை உள்ளே இழுக்கும் ரப்பர் சக்கரம் உருகி, இறக்கை ஒன்றுகூட இல்லை. “தண்ணி இல்லாம ஓட்டுன புத்திசாலி யாரு?” என்றார். நான் கை தூக்கினேன்.

அதிலிருந்து அத்தான் கடலில் இருந்து திரும்பியதும், காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரை டிரம்மில் நிரப்பி மோட்டாரை ஓடவிட்டு, அந்தச் சின்ன ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சுவதை எனக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறார். நான் கேட்கவில்லை, தண்டனையாக ஆரம்பித்தது. மூன்று வருடமாகிறது. டீ பிரேக்கில் லாக்கருக்கு ஓடி முதலில் அதைத்தான் பார்க்கிறேன். வராத நாளில் எனக்கு டீ இறங்குவதில்லை.

போன மாதம் படப்பையில் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். படகு அன்று வேலுவின் பொறுப்பு. பெண் காபியோடு வந்து நிற்கும் நேரம் பார்த்து அவனிடமிருந்து வீடியோ வந்தது. நான் தலை நிமிராமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா முகம் மாறி, “தம்பி இன்னா பாக்குறாரு?” என்றார்.

அக்கா சிரிக்காமல் சொன்னாள்: “ஒண்ணுமில்லங்க. எங்க மோட்டார் ஒண்ணுக்குப் போறத அவன் தெனமும் பாக்கணும். பாத்தாத்தான் அவனுக்கு நிம்மதி.”