பெருமகிழ்ச்சிச் சட்டம்

எந்த வரைபடத்திலும் இடம் கிடைக்காத நீர்க்கோட்டம் என்ற நாடு, ஒரு பெரிய ஏரியின் கரைக்குக் கீழே இருந்தது. கரை நெடுக மதகுகள். மதகுக்கு ஒரு காவலர். ஏதாவது நடந்தால் ஒருவர் சங்கு ஊதுவார், இன்னொருவர் துண்டை ஆட்டுவார், மற்றொருவர் வெறுமனே அலறுவார். வெள்ளமா, பாம்பா என்று யாருக்கும் புரியாது.

செய்தி அலுவலர் அல்லியங்கோதை ஒரு வழி கண்டாள். எல்லாச் செய்திக்கும் ஒரே அமைப்பு: எந்த இடம், எவ்வளவு தீவிரம், என்ன நடந்தது. தீவிரத்துக்குத் தகவல், எச்சரிக்கை, அபாயம் என மூன்றே சொற்கள். காவலர் கூவக் கூவ, வந்த வரிசையிலேயே சந்தைச் சுவரில் எழுதப்படும். “மூன்றாம் மதகு, எச்சரிக்கை, பலகை உடைந்தது” என்ற முதல் வரியைப் பார்த்ததுமே தச்சர்கள் பலகையோடு ஓடினார்கள். அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கரைக்கு நேர் கீழேதான் அவள் தங்கை செவ்வந்தியின் வீடு.

பேரமைச்சர் மங்கலநாதர் சுவரைப் பார்வையிட்டார். “நம் மன்னரின் ஆட்சியில் அபாயமா? அயல்நாட்டார் படித்தால் என்ன நினைப்பார்கள்?”

சட்டம் வந்தது: எச்சரிக்கைக்கு இனி ‘மகிழ்ச்சி’, அபாயத்துக்குப் ‘பெருமகிழ்ச்சி’. அடுத்து, ‘என்ன நடந்தது’ என்பது அரசாங்க ரகசியமாகி நீக்கப்பட்டது. ஐந்தாம் மதகில் ‘மகிழ்ச்சி’ என்றபோது தச்சர்கள் பலகை கொண்டுபோனார்கள், தேவைப்பட்டதோ மண்மூட்டை. வயல்கள் மூழ்கின.

“உன் சுவரே பொய் சொல்லுதேக்கா,” என்றாள் செவ்வந்தி.

அல்லியங்கோதை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது. “சொல்லட்டும்டி! எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பொய்தானே சொல்லுது? திருப்பிப் படிச்சாப் போதும்! பெருமகிழ்ச்சின்னு வந்தா மாட்டை அவுத்துக்கிட்டு மலைக்கு ஓடு. எல்லார்கிட்டயும் சொல்லு!”

அடைமழையில் ஒருநாள் சுவரில் அந்த வரி விழுந்தது: “அரண்மனைக் கரை, பெருமகிழ்ச்சி.” கணத்தில் சந்தை காலியானது. அல்லியங்கோதை மட்டும் அரண்மனைக்கு ஓடினாள்.

“மன்னா, அது அபாயம்!”

“அப்படியொரு சொல் சட்டத்தில் இல்லை, அம்மணி,” என்றார் மங்கலநாதர்.

“ஆகா, கடைசியில் நம் கரைக்கும் வந்துவிட்டதா!” என்ற மன்னர், தம் நாற்காலியைக் கரைமேல் போடச் சொன்னார்.

மலையுச்சிக்கு ஓடிவந்து, செவ்வந்தியின் கையைப் பிடித்தபடி அல்லியங்கோதை திரும்பிப் பார்த்தாள். கரையைக் காணோம். மிதந்த நாற்காலியை மன்னர் கட்டிப்பிடித்திருந்தார். அவர் காலைப் பேரமைச்சர் பிடித்திருந்தார். அரண்மனைக் கோபுரத்தில் ஏறி நின்ற காவலர், சட்டம் பிசகாமல், தொண்டை கிழியக் கூவினார்:

“மன்னர், பெருமகிழ்ச்சி!”