இருசப்பன் குறைத்த இரண்டு படி

போன் சொல்லி மாவாட்டுகிற வம்சமல்ல தன் வம்சம் என்று இருசப்பன் கடைக்குப் பின்னால் நின்று அறிவித்தான். கேட்டவர்கள் இரண்டு பேர்: மனைவி பாஞ்சாலை, ஒரு மாடு. மாடு மட்டும் தலையாட்டியது. மிஞ்சிய மாவெல்லாம் அதற்குத்தானே போகிறது!

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் இட்லிக் கடை. பௌர்ணமிக்கு முதல் நாளே அரிசி ஊறப்போட வேண்டும். எத்தனை படி என்பதை இருசப்பன் மலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வான். மலை சரியாகத்தான் சொல்லியிருக்கும். இவன் காதில் ஏதோ கோளாறு. ஒரு மாதம் மாவு அண்டா அண்டாவாக மிஞ்சும். மறுமாதம் பாதிக் கூட்டம் வருவதற்குள் இட்லித் தட்டைக் கழுவி வைக்க வேண்டியிருக்கும்.

"இந்த வாட்டியும் வீணாச்சுன்னா கடைய மூடிடலாங்க. கீழ்பென்னாத்தூர்ல எங்கண்ணன் வேர்க்கடலை மண்டிக்கு ஆள் தேடறாரு."

"நான் உங்கண்ணன் கிட்ட மல்லாட்ட மூட்டை தூக்கணுமா?"

"மூட்டை தூக்க பலமான ஆளு வேணுங்க. உங்கள கூட்டிப் பெருக்கத்தான் கேக்கறாரு."

இருசப்பனுக்கு வியர்த்துவிட்டது. மச்சான் கடையில் துடைப்பம் பிடிப்பதற்குப் பதில் மலையேறிச் சாமியாராகிவிடலாம்.

பாஞ்சாலை போனை எடுத்தாள். மகளிர் குழுவில் கற்றுக்கொண்டு வந்த ஆப். என்ன கிழமை, மழை உண்டா, போன மாதம் எவ்வளவு மிஞ்சியது என்றெல்லாம் கேட்டுவிட்டு, இத்தனை படி போடு என்று சொல்லும்.

"அது மலைய பாத்துச்சா?"

"பாக்காதுங்க. அதான் கடைசி முடிவ முதலாளி கிட்ட உடுது. நீங்க கூட்டலாம், கொறைக்கலாம்."

முதலாளி! கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. இருசப்பன் மீசையைத் தடவிக்கொண்டான்.

"சரி, இன்னா சொல்லுது?"

"பதினாலு படி."

ஒரு கண்ணை மூடி மலையைப் பார்த்தான்.

"ஜாஸ்தி. ரெண்டு படி கொற."

"சரிங்க முதலாளி."

பௌர்ணமி முடிந்து விடிந்தபோது அண்டாவில் வழிக்கக்கூட மாவில்லை. கடைசி இட்லியும் கடைசி ஆளும் ஒன்றாகப் போயிருந்தார்கள். இருசப்பன் மெய்சிலிர்த்து நின்றான். அடுத்த மாதம் பதினாறு என்றது, இரண்டைக் குறைத்தான், அப்படியே பலித்தது. மழை கொட்டிய மாதமும் தப்பவில்லை. எதிர்க்கடையில் டீ ஆற்றும் ஜானி பாஷாவிடம் போய்ப் பிரசங்கமே செய்தான்.

"மெஷினுக்கு மூளை கீது பாய். ஆனா அனுபவம் கம்மி. அந்த ரெண்டு படிதான் நான்!"

ஜானி பாஷா டீ ஆற்ற மறந்து கேட்டார்.

நாலாவது பௌர்ணமிக்கு முதல் நாள், பாஞ்சாலை உளுந்து வாங்கப் போயிருந்தாள். கிரைண்டரில் ஒட்டிய மாவை வழித்துக்கொண்டிருந்த இருசப்பன் அதன் மேலிருந்த போனை எடுத்தான். போன மாதங்களில் எத்தனை படி போடச் சொன்னது என்ற கணக்கு ஆப்பில் நின்றது. பன்னிரண்டு. பதினாலு. மழை மாதத்துக்குப் பத்து. எல்லாம் இவன் குறைத்த பிறகு வந்த அதே எண்கள்.

அடேயப்பா, மெஷினே தன் வழிக்கு வந்துவிட்டதா என்று ஒரு கணம் புல்லரித்தது. அப்புறம்தான் உறைத்தது. அது முதலிலேயே பன்னிரண்டு என்றுதான் சொல்லியிருக்கிறது. எதைச் சொன்னாலும் கொஞ்சம் வெட்டாவிட்டால் இவனுக்குச் சோறு இறங்காது. அது தெரிந்து, இரண்டைக் கூட்டிச் சொன்னவள் பாஞ்சாலை!

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ பிரமிப்பு. இத்தனை வருஷம் மலையை அண்ணாந்து பார்த்தவன், பக்கத்திலிருந்த மலையைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் முதலாளி முதலாளிதான். இந்த முறை குறைக்கவே கூடாது; இரண்டு படி மிஞ்சட்டும்; குட்டு உடையட்டும். மச்சானின் துடைப்பம்கூட மறந்துவிட்டது.

பாஞ்சாலை உளுந்தோடு வந்து போனைப் பார்த்ததும், "எத்தினியாம்?" என்றான் ஒன்றும் தெரியாதவன் போல.

"பதினஞ்சு."

"அப்டியே போடு."

"கொறைக்கலீங்களா?"

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பௌர்ணமி போனது. பொழுது விடிந்ததும் இருசப்பன் ஓடிப்போய் அண்டாவுக்குள் தலையை விட்டான். காலி. அடுத்த அண்டாவும் காலி. கடைசி இட்லியும் கடைசி ஆளும் ஒன்றாகவே போயிருந்தார்கள்.

"இன்னா தேடறீங்க?"

"ரெண்டு படி மிஞ்சியிருக்கணுமே!" வாய் தவறி வந்துவிட்டது.

பாஞ்சாலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போன் மேல உங்க மாவுக் கை பட்டிருந்துதுங்க. அதான் இந்த வாட்டி நெஜத்தையே சொல்லிட்டேன்."