பலூனும் எச்சரிக்கைப் பலகையும்

ஒரு வேலையைக் கற்றுக்கொண்ட புதிதில் எந்த மனிதனும் கொஞ்ச நாள் சுற்றியிருப்பவர்களுக்குத் தொல்லையாக இருப்பான். நான் அந்தக் கொஞ்ச நாளை எர்ணாவூரில் கழித்தேன்.

மீனுக்கு ஐஸ் அரைக்கும் மெஷின் செய்கிற பட்டறையில், டிப்ளமோ முடித்த கையோடு பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். (அதற்கு முன் அப்பா நுழைந்திருக்கிறார், சுவருக்குப் பெயின்ட் அடிக்க.) என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மேனேஜர் முடிவு செய்யவேண்டிய நேரம் அது.

அங்கே மெஷின்களுக்குச் சர்வீஸ் பார்ப்பவர் தாஸ் அண்ணன். தகட்டு விளிம்புகள் கிழித்துக் கிழித்து அவர் கையெல்லாம் தழும்பு. "ஜோசியக்காரன் என் கையப் பாத்துட்டு, எது ரேகைன்னு தெரிலன்னு எந்திரிச்சு பூட்டான் மாமு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மெஷினை எடுத்தேன். தகட்டில் இருந்த பிசிறை எல்லாம் அரத்தால் ராவினேன். வெளி ஓரங்களை மடித்தேன். சர்வீஸ் கதவுக்குள் கை போகிற இடமெல்லாம் ரப்பர் பட்டை பொருத்தினேன். (வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தைக்கூடத் தடவிப் பார்ப்பேன். அம்மா கவலைப்பட ஆரம்பித்திருந்தார்.) ஐஸை நொறுக்கும் பற்களை மட்டும் மழுக்க முடியாது. ஆகவே ஒரு துண்டுத் தகட்டை வெட்டி, "ஜாக்கிரதை! உள்ளே கூர்மையான பற்கள்" என்று சிவப்பில் எழுதி, ஐஸ் போடும் வாய்க்குப் பக்கத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். எழுத்து அவ்வளவு அழகாக வந்திருந்தது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் கன்னியம்மா அக்கா மெஷினைப் பார்க்க வந்தார். அவர் வாங்கினால் நான் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வாங்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

நான் பையிலிருந்து ஒரு பலூனை எடுத்து ஊதினேன்.

"இன்னாப்பா, மிஷின் காட்றன்னு இட்டாந்து பர்த்டே கொண்டாடிகினு கீறீங்க?" என்றார் அக்கா.

"இந்த மெஷின்ல எங்க தேய்ச்சாலும் பலூன் உடையாதுக்கா. கை மட்டும் கிழியுமா?" என்றேன், வகுப்பு எடுக்கும் குரலில்.

பலூனை மேல்மூடியில் தேய்த்தேன். ஓரங்களில் தேய்த்தேன். சர்வீஸ் கதவுக்குள் விட்டு எடுத்தேன். உடையவில்லை. மேனேஜர் புன்னகைத்தார். (நான் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை.) அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கடைசியாக ஐஸ் வாயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

டப்!

மேனேஜர் துள்ளி, தாஸ் அண்ணன் காலை மிதித்தார். என் கையில் ரப்பர் கிழிசல் மட்டும் இருந்தது. அக்கா குனிந்து பலகையின் ஓரத்தை விரலால் லேசாகத் தொட்டார்.

"உள்ளாற கூர்மைன்னு எழுதிக்கீறியே நைனா, போர்டே கத்தி மாதிரி கீதே!"

மெஷின் முழுக்க ராவிய நான், பலகையும் மெஷினில் ஒரு பாகம் என்று கணக்கில் சேர்க்கவே இல்லை.

தாஸ் அண்ணன்தான் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சர்வீஸ் கதவுக்குள் தோள்வரை கையை விட்டு, அப்படியும் இப்படியும் துழாவி வெளியே எடுத்தார். "பாருக்கா, ஒரு கீறலாவது கீதா? நானு இத்தினி வருஷத்துல இப்டி ஒரு மிஷின்ல கை வுட்டதில்ல."

அக்கா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, அனுப்பு. போர்டு ஓரத்த ராவிட்டு அனுப்பு" என்றார்.

வேலை நிரந்தரமானது. ஆனால் காசிமேட்டில்தான் என் அம்மாவும் மீன் விற்கிறார். நான் நல்ல செய்தி சொல்ல வீடு வந்து சேர்வதற்குள் பலூன் செய்தி வந்து, சாப்பிட்டு, படுத்திருந்தது.

இன்றைக்கும் நான் கேஸ் சிலிண்டரை மாட்டி, கசிவு இருக்கிறதா என்று பார்த்து, "எல்லாம் செக் பண்ணிட்டேம்மா" என்றால், அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பி என் தங்கைகளுக்குக் குரல் கொடுப்பார்:

"கன்னியம்மாவ இட்டாங்கடீ, ஒருவாட்டி தொட்டுப் பாக்கட்டும்!"