என் தலைக்கு ஒன்றுமில்லை, அக்கா

நான் அன்பும் பயமும் சரிபாதியாக வைத்திருக்கும் அக்காவுக்கு, உன் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, என் தலை மூவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் அவருடைய முழங்காலும் நலமாக இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டட வேலையில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளர் என்பதும், ஹெல்மெட் இல்லாமல் எவன் வந்தாலும் நான் போடுகிற சத்தத்தில் ஆட்கள் எனக்கு 'மண்டைக்காவலர்' என்று பேர் வைத்திருப்பதும் உனக்குத் தெரியும். போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களைச் சாரத்துக்குக் கீழே உட்கார வைத்து, மூளை என்பது மண்டைக்குள் ஆணியடித்து வைத்த பொருள் இல்லை, அடி வெளியே பட்டாலும் அது உள்ளே குலுங்கும், ரத்தம் வரவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள் என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கும் பட்டைகள் அடியை எப்படித் தாங்குகின்றன என்று காட்ட என் ஹெல்மெட்டைக் கழற்றி, குனிந்து வரிசையாகக் காட்டிவிட்டு நிமிர்ந்தேன். தலைக்கு மேலே சாரத்தின் இரும்புக் குழாய். ணங்! ஆட்கள் கைதட்டினார்கள் அக்கா, செய்து காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள் பாவிகள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். டாக்டர் அம்மா, "மூளைக்கு முழு ஓய்வு குடுக்கணும்" என்றார். "அது அவருக்குப் பழக்கம்தான் டாக்டர்" என்றாள் என் மனைவி. "எரிச்சல், மறதி, தலைசுத்தல், இதெல்லாம் அதிகமானா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். "அப்போ கல்யாணத்தன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணுமே!" என்கிறாள், எனக்கு எப்படி இருக்கும் சொல்லு.

அன்றிலிருந்து நான் வீட்டுச் சிறையில் இருக்கிறேன். டிவி கிடையாது, போன் கிடையாது. அசந்து தூங்கினால் எழுப்பி, "நம்ம கல்யாண நாள் என்ன?" என்று கேட்கிறாள். தப்பாகச் சொன்னேன். அது அடிபட்ட மூளையின் குற்றமா? நல்ல மூளை இருந்தபோதும் எனக்கு அது தெரியாதே! டீயில் சர்க்கரை போட்டாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேனாம். அவள் போடாவிட்டால் கேட்கத்தானே செய்வேன்? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, திரையை இழுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது. எழுந்து நின்றால் சுவர் லேசாகச் சாய்கிறது, அது கொத்தனார் பண்ணின வேலையாகக்கூட இருக்கலாம்.

ஆக, உன்னிடம் கேட்பது ஒன்றுதான். என் இடத்தில் மேனேஜர் வேறு ஒருத்தனை நிறுத்தியிருக்கிறார். இந்த வயதில் நாற்காலி ஒரு தடவை போனால் போனதுதான் அக்கா. நீ நர்சாக இருந்தவள், டாக்டர் சொல்வதைவிட நீ சொல்வதுதான் என் மனைவிக்கு வேதவாக்கு. 'திங்கட்கிழமை தம்பி தாராளமா வேலைக்குப் போகலாம்' என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு இருக்கட்டும். வண்டி ஓட்டும்போது அவர்களை ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டாமல் தலையில் மாட்டச் சொல்.

உன் பாசமுள்ள தம்பி.

பின்குறிப்பு: உறை கேட்டேன். "யாருக்கு?" என்றாள் மனைவி. "அக்காவுக்கு" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. அடுக்களையிலிருந்து டீயோடு நீ வந்து நிற்கிறாய். நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டாயாம், பக்கத்து அறையில்தான் தூங்கினாயாம், கதவைத் திறந்து "வாக்கா" என்று சொன்னதே நான்தானாம். எனக்குத் துளிகூட நினைவில்லை. "குடுடா, நேர்லயே வாங்கிக்கறேன், ஸ்டாம்ப் மிச்சம்" என்று நீ சிரித்தாய், ஆனால் டீயைக் கீழே வைத்துவிட்டு என் கண் இமைகளை விரித்துப் பார்த்தாய். மேலே கேட்டதை அடித்துவிடு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நாற்காலி எங்கேயாவது போகட்டும். வாசலில் கார் வந்துவிட்டது. நீ முன்சீட்டில் ஏறாதே அக்கா, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்.