சரோஜா என்றொரு பட்டாம்பூச்சி

ஒரு விஷயம் உறுதியாகும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கச் சிலரால் முடிகிறது. என்னால் முடியாது.

திருநீர்மலை அடிவாரப் புதரில்தான் அந்த ஸ்கிப்பரைப் பிடித்தேன். அது பட்டாம்பூச்சியில் ஒரு வகை. பழுப்பு நிறம்; ஓரிடத்தில் நிற்காது; விருட்டென்று துள்ளித் துள்ளிப் போகும். (என்னை மாதிரி என்பார் அப்பா.) இதன் இறக்கையில் மட்டும், நான் பார்த்த எந்தப் படத்திலும் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. புது இனம்! ஆராய்ச்சியில் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆளும் நான்தான். தலை கால் புரியவில்லை.

பேராசிரியர் வெளியூரில் இருந்தார். பொறுத்திருக்கலாம். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அம்மா, புதுப் பூச்சி! உன் பேரைத்தான் வைக்கப்போறேன்."

"பூச்சிக்கா?" என்றார் அம்மா. பிறகு மெதுவாக, "இங்கிலீஷ்லயா?"

"லத்தீன்ல."

மறுநாள் தண்ணி லாரி வருவதற்குள் தாம்பரத்தில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

அப்பா ஆட்டோ ஓட்டுபவர். ஸ்கிப்பர்கள் பார்வைக்கு ஒரே மாதிரி, ஆண் பூச்சியின் பின்பக்க உறுப்பை லென்ஸில் பார்த்தால்தான் இனம் தெரியும் என்று அவருக்கு விளக்கினேன்.

"இன்னாடா, பூச்சி குண்டிய பாக்கவா உன்ன படிக்க வச்சேன்?"

(நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த வேலை கைவரவில்லை. அதுதான் புள்ளி இருக்கிறதே!)

இடையில் ஆயுத பூஜை வந்தது. நான் இருப்புக் கொள்ளாமல் வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ஆட்டோவுக்குப் பொட்டு வைத்தார், என் புத்தகங்களுக்கு வைத்தார், லேப்டாப்புக்கும் வைத்தார்.

பூஜை முடிந்து பேராசிரியர் வந்ததும் பூச்சிப் பெட்டியோடு ஓடினேன். அவர் மேசையில் வைத்துப் பெருமையாகத் திறந்தேன். இரண்டு இறக்கையிலும் சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஏம்பா, இது என்ன?"

"ஆயுத பூஜை சார்."

"போன்ல நீ சொன்ன புள்ளி?"

"சந்தனத்துக்கு அடியில இருக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. பூச்சியின் வால் நுனியைக் கிள்ளி மருந்தில் ஊறவைத்து, லென்ஸில் பார்த்தார். "காலேஜ் புல்தரையில தினமும் பறக்கறதுதாம்பா. புள்ளி சிலதுல இப்படிக் கூடும், குறையும்."

வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை. தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிற அம்மாவிடம் என்ன சொல்வது?

"நான் பொட்டு வச்சதாலயா போச்சு?" என்றார் அம்மா, நான் சொன்னதும் முகம் வாடி.

"இல்லம்மா. அது சாதாரணப் பூச்சி. எங்க பாத்தாலும் இருக்கும்."

"எங்க பாத்தாலுமா?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நல்லதுதான? அத்தனைக்கும் என் பேருதான?"

இன்றும் துணிக்கொடியில் பழுப்பாக ஒன்று வந்து உட்கார்ந்தால், "சரோஜா, உன் ஆளு வந்துகீது பாரு!" என்று அப்பா குரல் கொடுப்பார். தெருப் பிள்ளைகளுக்கும் அதன் பெயர் சரோஜாதான். பேராசிரியரிடமும் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன வாரம் புதருக்குள் நானும் பேராசிரியரும் பூச்சி தேடிக்கொண்டிருந்தோம். சட்டென்று என் தோளைத் தட்டினார்.

"அதோ பார், சரோஜா. இன்னும் பொட்டு வைக்கல."